கதிரையும் குதிரையும்

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்திரிகைக் கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில், வடக்கே இருந்தார். கடைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியோடு படகில் தப்பி வந்து எங்கள் தெருவில் குடியிருந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். ஐம்பது வயதிருக்கும். ஊரில் சொந்தமாக மாத இதழ் நடத்தியவர் என்றதும், பத்திரிகை விற்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் நாளே சந்தோஷம் போய்விட்டது. மகாராஜபுரத்துக்காரர் ஒருவர் வார இதழ் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"உதை வேண்டாதேங்கோ. உதுக்குள்ள ஒண்டுமில்லை" என்றார் இவர்.

வந்தவர் இதழை வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, நம்ம சரக்க நாமளே வாங்காதீங்கன்னு சொல்லலாமா?"

"தங்கச்சி, எங்கட நாடு சின்னது. உங்கட பத்திரிகையள் கப்பல் கப்பலா வந்து குவிஞ்சா, எங்கட எழுத்தை ஆர் வாசிப்பினம்? இறக்குமதியை நிப்பாட்டச் சொல்லி மேடையில ஏறிக் கத்தினவன் நான். இப்ப அதையே விக்கிறன். வாய் சும்மா இருக்குதில்லை."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. தன் இதழை இங்கேயே மறுபடி தொடங்கினால் மனம் ஆறும் என்றார்.

"ஆரம்பிங்க. நம்ம கடையிலயே தொங்கவிடுவோம்" என்றேன்.

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த அச்சகத்தில் கொடுத்தோம். புரூஃப் பார்க்க இருவரும் போனோம். முதலில் அவரே எழுதிய கதை. வாசிக்க வாசிக்க அவர் மீசை துடித்தது. தாளை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு வாத்தியார் குதிரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விருந்தாளி வந்ததும் அவருக்கும் ஒரு குதிரையை இழுத்துப் போட்டார்.

"நான் எழுதினது கதிரை! நாற்காலி!"

"பிழைன்னு நெனச்சுத் திருத்திட்டோம் அண்ணாச்சி. கதிரைன்னா இங்க யாருக்குத் தெரியும்?" என்றார் அச்சக முதலாளி.

இன்னும் பார்த்தால், பெடியன்கள் எல்லாம் பையன்களாகியிருந்தார்கள். சும்மா கதைத்துக்கொண்டிருந்தவர்கள், அதாவது பேசிக்கொண்டிருந்தவர்கள், ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நேவிக்குத் தப்பிக் கடல் தாண்டிக் கொண்டுவந்த தமிழ் ஐயா. ராசபாளையத்தில வந்து மூழ்கிப் போச்சு."

முதலாளி வீட்டில் பரம்பரையாகத் தெலுங்குதான்.

"எங்க தெலுங்கக் கேட்டு, ஆந்திராவுல இருந்து வந்த சம்பந்தி சிரிச்சாரு. திருத்த வேற பாத்தாரு. எங்கம்மா அன்னிக்கு அவருக்கு மோர்கூட ஊத்தல" என்றார். உள்ளே எழுத்துக் கோக்கிறவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏலே, குதிரைய எல்லாம் அவுத்து விடுலே! அம்புட்டுலயும் கதிரையப் போடு!"

இதழ் வந்தது. கடையில் முன்வரிசையில் தொங்கவிட்டேன். வாங்கிய சிலர் சொல்லுக்குச் சொல் அவரிடமே அர்த்தம் கேட்டு நின்று, பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அவருக்கோ முகம் கொள்ளாத சிரிப்பு.

அவர் மனைவி கடையிலேயே உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை வாசித்தார். கணவர் பக்கத்திலேயே காத்து நின்றார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. "உந்த வார இதழ்கள் மாதிரி ஒரு தொடர்கதையும் போட்டிருக்கலாம்."

அன்று முழுக்க அவர் மனைவியோடு பேசவில்லை. அடுத்த இதழில் தொடர்கதை ஆரம்பமானது. எழுதியவர் அவரேதான்.