ரோஜாத் தோட்டத்தில் போன படகு

வெள்ளத்திலும் புயலிலும் தப்பித்தவர்களின் குரலையும் படங்களையும் கம்ப்யூட்டரில் சேர்த்துவைக்கும் வேலைக்கு முதல் தகுதி, "அப்புறமா அனுப்பறேன்" என்ற பதிலைக் கேட்டும் சிரித்த முகமாக இருப்பது. சொந்தக்காரர்களிடம் கல்யாண போட்டோ கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பட்டுப்புடவைப் பேட்டி

பழவேற்காடு பக்கம் ஒரு மீனவக் குப்பம். வீடு மூழ்கிய கதையைப் படம்பிடிக்கப் போனால், பெண்கள் எல்லாரும் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்து உட்கார்ந்தார்கள். "வெள்ளத்தப்போ இப்படித்தான் இருந்தீங்களா?" என்று கேலியாகக் கேட்டேன். முன்வரிசை கன்னியம்மா விடவில்லை.

"அன்னிக்கு உயிரு பொழச்சா போதும்னு கட்டுன துணியோட ஓடனோம் சார். இன்னிக்காவது நல்லபடியா வந்து நிக்க வேணாவா?"

வாய் திறக்காத ஏழுமலை

வயல்பக்கத்து ஊர்கள் மூழ்கியபோது, தன் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஜனங்களை மீட்டவர் அதே குப்பத்து ஏழுமலை. அவர் பேசாவிட்டால் எங்கள் சேகரிப்புக்கு அர்த்தமே இல்லை. அவரோ பேச மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் படகு அடுத்து வந்த புயலில் உடைந்துபோனது. அதன் படம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது.

"எம்மாம் பேரை ஏத்திக்கினு வந்துச்சு அது! அத உட்டுட்டு என் மூஞ்சிய மட்டும் காட்டுனா இன்னா சார் நாயம்?"

ஆல்பத்தில் வெள்ளமே இல்லை

அவர் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. விசாரித்ததில், கஸ்தூரி என்ற கல்யாணப்பெண்ணை மூழ்கிய வீட்டிலிருந்து மேட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்ததும் அதே படகுதான், கூடவே போட்டோக்காரரும் வந்தார் என்று தெரிந்தது. அவள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கல்யாண ஆல்பத்தைப் பிரித்தேன். கஸ்தூரி ஒரு ரோஜாத் தோட்டத்தின் நடுவே அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரும் இல்லை, படகும் இல்லை! திருவள்ளூரில் ஸ்டுடியோ வைத்திருந்த அந்தப் போட்டோக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவருக்கோ பெருமை தாங்கவில்லை.

"கல்யாண ஆல்பத்துல சேத்துத் தண்ணி இருந்தா நல்லாவா இருக்கும் சார்? அம்மாம் தண்ணியையும் கண்ணு வலிக்க உக்காந்து அழிச்சேன்!"

திரையில் வந்த படகு

நல்லவேளை, அழிக்காத ஒரிஜினல் அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் திரை கட்டிப் போட்டோம். நீலப் படகு, பட்டில் கஸ்தூரி, மடியில் சீர்வரிசைத் தட்டு, பின்னால் கழியை ஊன்றியபடி ஏழுமலை. குப்பமே விசிலடித்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்போ பேசலாமா?" என்று மைக்கை நீட்டினேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு சார், இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கினு கீறேன். பேச்சு எங்க ஓடிப்பூடும்?"

அப்புறம் பேச ஆரம்பித்தவர் இன்றுவரை நிறுத்தவில்லை. என் மெமரி கார்டுகள்தான் ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டிருக்கின்றன.