மூட்டைக்குள் கேட்ட படத்து இசை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தவறிருந்தால் மன்னியுங்கள். டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் பதறி ஓடி வருகிறார்.

"அண்ணே, என் போன் ஏதோ ஒரு மூட்டைக்குள்ள விழுந்திருச்சுங்க. மகளுக்கு இன்னைக்குப் பிரசவம்! நம்பர் சொல்றேன், அடிங்க."

மூட்டைகளை ஏற்றிய லொறி புறப்படப் போகிறது. அடிக்கிறேன். பாட்டில்லாத ஒரு பழைய படத்து இசை கேட்கிறது. உடனே ஆறு பெண்கள் இடுப்பைத் தடவுகிறார்கள். மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவும் சட்டைப்பையைத் தடவுகிறார்.

"எல்லாருக்கும் ஒரே இசையா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறேன்.

"படத்தப் பாத்தவங்க ரெண்டு பேருதாங்க. ஆனா இந்த மியூசிக் இல்லாத லயத்து வீடு கெடையாது. யாரும் அசையாதீங்கடி! ஐயா, நீங்களுந்தான்!"

மறுபடி அடிக்கிறேன். மூன்றாவது மூட்டையிலிருந்து கேட்கிறது. கொழுந்தோடு போனை அள்ளி எடுக்கும்போதே மீண்டும் அதே இசை. இந்த முறை அழைப்பது அவருடைய மருமகன்.

"பேத்தி!" என்று போனைக் காதில் வைத்தபடியே அந்தப் பெண் கத்துகிறார்.

மறுநாள் என் போனிலும் அந்த இசையைப் போட்டுக்கொண்டேன்.