ஏழு நாள் எலுமிச்சைத் தண்ணீர்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் நான் ஏழு நாள் டீடாக்ஸ் இருந்தேன். நோன்பு திறந்ததும் வெளுத்துக்கட்டுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் உப்பு, எண்ணெய், சோறு மூன்றையும் தள்ளிவைத்ததற்குக் காரணம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் சாச்சி, அதாவது சித்தி முறையாகும் ஒருத்தர் என்னை மேலும் கீழும் பார்த்து, “பிரியாணிக் கடைக்காரு மகள்னு சொல்லவே வேணாம், பாத்தாலே தெரியுது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

மறுநாளே செல்போன் வீடியோவில் ஒரு பெண், எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறிவிடும் என்றாள். என் உடம்பில் நஞ்சு எப்படி வந்தது என்று நான் யோசிக்கவேயில்லை. கடைக்கு வந்த கட்டிலிருந்தே புதினாவைத் திருடி அதில் ஊறப்போட்டேன்.

கடை கீழே, வீடு மாடியில். அத்தாதான் மாஸ்டர். தினமும் அண்டாவில் அரிசி போடுவதற்குச் சற்று முன்பு, கறியும் மசாலாவும் கொதிக்கிற தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டுகொண்டு மேலே வருவார். “உப்புப் பாருத்தா” என்று நீட்டுவார். கொரோனாவுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. செல்லம் கொடுக்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் அந்தக் காய்ச்சல் அவர் நாக்கிலிருந்த ருசியைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. இது வெளியே தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அம்மாவைக் கேட்கவும் வழியில்லை. பிரியாணிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டும் கறி வாடை ஆகாதவர் அவர்.

முதல் நாள் டம்ளரோடு வந்தவரிடம், “வேணாம்த்தா, அதுல உப்பும் எண்ணெயும் இருக்கு” என்றேன்.

“ஒரு சொட்டு நாக்குல வச்சுட்டுத் துப்பிரேன்.”

“நான் குண்டாவே இருக்கணுமா?” என்று அழுதுவிட்டேன்.

அத்தா முகம் சுண்டிப்போயிற்று. “சரித்தா, விடு” என்று இறங்கிவிட்டார். அதன்பிறகு டம்ளர் வரவில்லை.

மூன்றாம் நாள் பிரியாணி கரிக்கிறது என்று பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான்காம் நாள் சப்பென்று இருந்ததாம். “மாஸ்டர மாத்திட்டீங்களா பாய்?” என்று வழக்கமாக வருகிற ஒருவர் கேட்டது மாடிவரை கேட்டது. நான் எடை மெஷினில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மதியம், கூட்டம் நெரிய வேண்டிய நேரத்தில் அத்தா மேலே வந்தார். என் எதிரில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “அந்தத் தண்ணியில எனக்கும் கொஞ்சம் குடுத்தா” என்றார். அன்று சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று நான்கு எலுமிச்சை பிழிந்திருந்தேன். எனக்கே பல் கூசியது. அத்தா ஒரே மடக்கில் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லா இனிப்பா இருக்குத்தா.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகளைத் தேற்ற இவ்வளவு பெரிய பொய்யா என்று பெருமையாக இருந்தது. அவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.

அத்தா மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடமாகிறது. கடையைக் கைமாற்றிவிட்ட பிறகு அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அம்மா போன மாதம்தான் என்னிடம் சொன்னார். இப்போது ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் “உப்புப் பாருத்தா” என்கிற அந்தக் குரலுக்கு ஏங்குகிறேன். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அண்டாவையே குடித்துவிடுவேன். அன்று அந்தத் தண்ணீர் இனிப்பு என்றபோது அத்தா பொய் சொல்லவில்லை. ருசி தெரியாமல், குத்துமதிப்பாகச் சொன்னார். மாடியேறி வந்தது மறுநாளிலிருந்து மறுபடி உப்புப் பார்க்கச் சொல்லத்தான். நான் சிரித்துக்கொண்டிருந்ததால் சொல்லாமலே இறங்கிப் போனார்.