குணலட்சுமி கேட்ட பஸ்

குணலட்சுமிக்கு ஐம்பத்திரண்டு வயது. புத்தூரின் உட்புறத் தோட்டக் குறிச்சியிலிருந்து சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வருகிறாள். சந்திக்கு இரண்டு கட்டை, ஒரு மணி நேர நடை. அங்கேதான் பஸ் வரும். சண்டைக் காலத்தில் ஷெல் துண்டு பட்ட வலது முழங்கால் மடங்காது. அதனால் சைக்கிளும் இல்லை.

போன வருசம் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். குறிச்சிக்கு அரசாங்கம் கொஞ்சம் காசு ஒதுக்கியிருந்தது. ஒன்றில் ஒழுங்கைக்குத் தார் ஊற்றிக் கார்பெட் போடலாம். இல்லாவிட்டால் ஒழுங்கையின் பள்ளம் கிடங்குகளை நிரவிவிட்டு, குறிச்சிக்கு உள்ளே ஒரு பஸ் ஓட மானியம் கொடுக்கலாம். இரண்டுக்கும் காசு காணாது என்றாள் கூட்டத்தை நடத்திய உத்தியோகத்தர் உதயகலா.

குணலட்சுமியின் தமையன் சீவரத்தினம் முதலில் எழும்பினார். வெங்காயம் ஏற்றிய தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கிடங்கில் இறங்கி அச்சு முறிந்ததைச் சொன்னார். அது பொய்யில்லை. மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரும் தலையாட்டினார்கள்.

சபையில் கதைத்துப் பழக்கமில்லாத குணலட்சுமி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"றோட்டு எவ்வளவு வடிவாய் வந்தாலும் நான் அதிலை நடந்துதான் போவன். என்னைப்போலை எத்தினை பேர் நடக்கினம் எண்டு ஆரும் எண்ணினவையோ?"

உதயகலா கை உயர்த்தச் சொல்லி எண்ணினாள். றோட்டுக்கு முப்பத்தொரு கை, பஸ்ஸுக்குப் பத்தொன்பது.

திரும்பும் வழியில் சீவரத்தினம் கேட்டார்.

"நீ ஏன் எனக்கு எதிராய்க் கதைச்சனி?"

"உங்களுக்கு எதிராய் இல்லை அண்ணை. எனக்காகக் கதைச்சனான்."

அவர் நடையைக் குறைத்து அவளுக்குப் பக்கத்தில் வந்தார். "காலமை நான் சந்தியிலை இறக்கிவிடுறன்."

"அது நீங்கள் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற நேரம். எத்தினை நாளைக்கு?"

சித்திரையில் கார்பெட் போட்டு முடிந்தது. லீவு நாட்களில் குணலட்சுமி வீடு வீடாய்ப் போய், நடந்து போகிறவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிளினிக் போகிற வயதானவர்கள், கடைகளில் வேலை செய்கிற பெட்டைகள் என்று அறுபத்துநான்கு பேர்.

"நடக்கிற ஆக்கள் உவ்வளவு பேரோ?" என்றாள் உதயகலா, கொப்பியைப் புரட்டியபடி. பஸ் கேட்டு எழுதிய கடிதத்தோடு சேர்த்து அதை மேலிடத்துக்கு அனுப்பினாள். முதலில் மறுத்து எழுதினார்கள். உதயகலா இன்னொரு கடிதம் போட்டாள். ஐப்பசியில், காலை ஆறு பத்துக்கு மட்டும் ஒரு பஸ் உள்ளே வந்து திரும்ப ஒத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் பதினொரு பேர் ஏறினார்கள். குணலட்சுமி நீட்டிய காலை இழுத்து ஏறும்வரை ட்ரைவர் பொறுத்திருந்தான்.

பின்னேரத்துக்கு இன்னும் பஸ் விடவில்லை. சந்தியிலிருந்து நடந்துதான் வருகிறாள். கார்பெட்டில் கால் நோவு குறைவுதான் என்று தமையனிடம் ஒத்துக்கொண்டும் விட்டாள்.