மூன்று முறை கூப்பிட்ட பெயர்

எங்கள் வீட்டுக்காரர் நேற்று மத்தியானம் போய்விட்டார்.

கடைசி மடை லஸ்கர் என்றால் உங்களுக்குத் தெரியும். வாய்க்காலில் ஷட்டரைத் திருகித் தண்ணீர் விடுகிற சர்க்கார் வேலை.

பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது... புருஷன் பெயர். அதில் ஒரு சாமி பெயரும் இருப்பதால் அந்தச் சாமியைக்கூட 'காவல் சாமி' என்றுதான் கும்பிடுவேன்.

இதை மடைச் சுவரில் ஒட்டுகிறேன். மிஷன் ஸ்கூலில் கொஞ்சம்தான் படித்தேன். பிழை இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தண்ணீர் பாய்ச்ச எல்லோரும் இங்கேதானே வருகிறீர்கள்.

அந்த வருஷம் நமக்கு வரவேண்டிய தண்ணீரை ஓவர்சியர் வாழைத்தோட்டக்காரர்களுக்கு விற்றார். கடைசி வயல்கள் கருகின. உங்கள் வயல்கள்.

"ஏட்டி, அங்கன பயிரு கருகுது. இங்கன நான் ஷட்டரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கேன்" என்றார்.

வெள்ளைக்காரத் துரை கூடாரம் அடித்து கேம்ப் போட்டிருந்தபோது இவர் போய்ச் சொல்லிவிட்டார். உன் பெயர் வெளியே வராது என்று துரை வாக்குக் கொடுத்தாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்...

விசாரணை நாளில் கூடாரத்துக்கு வெளியே ஊரே நின்றது. ஆள் கூப்பிடுகிற டபேதார் வந்தான். அவர் பெயரை நீட்டி முழக்கி மூன்று முறை கூவினான்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். என் வாயிலிருந்து ஒரு நாளும் வராத பெயர் வாய்க்கால் கரை முழுக்கக் கேட்டது.

"பேரு வெளிய வராதுன்னாரே துரை" என்று கேட்டார்.

"கூப்பிடாம எப்படிவே விசாரிக்க? வழக்கம்லா?"

"அப்ப ஓவர்சியர் பேரையும் கூப்பிடணும்லா?"

"அவரு உள்ள நாற்காலியில இருக்காருவே. உள்ள இருக்கவரை எதுக்குக் கூப்பிட?"

எல்லோரும் சிரித்தீர்கள். நல்ல சிரிப்பு.

பிறகு உங்களைக் கேட்டார்கள். நாங்க ஒண்ணும் பாக்கலை எசமான் என்றீர்கள். ஒருவர் பூச்சி விழுந்துதான் நெல் கருகியது என்றார். அந்த அண்ணாச்சி நேற்று பந்தல் கால் நட வந்திருந்தார்.

வேலை போனது. எங்கள் துண்டு வயலுக்குத் தண்ணீர் நின்றது. ஷட்டர் சாவியைத் திருடினார் என்று கேஸ் போட்டு சப்ஜெயிலில் வைத்தார்கள். திரும்பி வரும்போது இருமலோடு வந்தார்.

அந்த இருமலோடு திருநெல்வேலி டவுண் வரை நடந்து ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

"ஒரு ரூல் வேணும் ஐயா. அதிகாரி மேல புகார் சொல்லுதவனை உள்ள கூப்பிட்டுக் கேக்கணும். பேரைக் கூவப்பிடாது. விசாரணை முடியுற வரைக்கும் அவன் வேலையில கை வைக்கப்பிடாது. பட்டணத்துக் கவுன்சில்ல சொல்லி இதைச் சட்டமாக்கணும்."

வக்கீல் அடுத்த கேஸ் கட்டை அவிழ்த்தார். குமாஸ்தாதான் பதில் சொன்னான். "கவுன்சிலுக்கு நீரே போயிரும்வே. ஷட்டரைத் திருகுன மாதிரி சட்டத்தையும் திருகிப் பாரும்!"

அந்தக் கதை எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவருக்கு 'சட்டம்' என்று பெயர் வைத்தீர்கள். "ஏலே, சட்டம் வருதுலே, வழி விடு." "சட்டத்துக்கு இருமலு கூடிப்போச்சு போல."

அவரும் சிரிப்பார்... சிரித்தால் இருமல் வரும்.

நேற்று எல்லோரும் வந்தீர்கள். நல்ல மனுஷன் என்றீர்கள்.

அவரை இன்னும் எடுத்திருக்கவில்லை. அப்போதுதான் டபேதார் வந்தான். அதே டபேதார். புதிதாக வந்த துரை தண்ணீர் விற்ற அந்தக் கேஸை மறுபடி எடுத்திருக்கிறாராம்.

தெருவில் நின்று மூன்று முறை கூவினான். பந்தலைப் பார்த்துக்கொண்டே கூவினான்.

"ஏம்மா, ஆளு எங்க?"

"அந்தா கிடக்காவ."

"அந்தான்னா யாரு? பேரைச் சொல்லு. செத்துட்டாருன்னு யாராவது பேரைச் சொல்லிச் சொல்லணும். இல்லன்னா கூப்பிட்டும் வரலன்னு எழுதிக்கிடுவேன். புகார் பொய்யின்னு கேஸ் முடிஞ்சிரும்."

நான் உங்களைப் பார்த்தேன். உங்களுக்கு அந்தப் பெயரைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. அத்தனை பேர் நின்றீர்கள். ஓவர்சியர் வீட்டு ஆளும் நின்றான்... எல்லோரும் பாடையைக் கட்டுவதில் மும்முரமாகிவிட்டீர்கள்.

நான் சொன்னேன்.

முதல் தடவை சத்தமே வரவில்லை. "என்னது?" என்றான். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை உங்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"செத்துட்டாவ. தண்ணியை வித்ததைப் பாத்துச் சொன்னது அவுக. நானும் பாத்தேன். என் பேரையும் எழுதிக்கிடும்."

"உனக்கு எதுக்கும்மா வம்பு?" என்றான். ஆனாலும் எழுதிக்கொண்டான்.

வருகிற புதன்கிழமை கேம்ப். பேச்சியம்மாள் என்று மூன்று முறை கூப்பிடுவான். நீங்களும் வருவீர்கள், வேடிக்கை பார்க்க.

கடைசி வரி அவருக்கு. போங்க, சுடலைமுத்து. அங்கன யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாவ.