பெட்ரோல் மூடியில் ஒரு துளை

அக்காவின் கணவரை நான் மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வண்டி வைத்திருந்தோம். வண்டி என்று சொன்னால் மச்சான் சண்டைக்கு வருவார்; கார் என்றுதான் சொல்ல வேண்டும். டாக்ஸியாக ஓடி ஓய்ந்ததை வாங்கி, பின்பாதியை அறுத்தெடுத்து, பலகைப் பெட்டி அடித்து, மேலே மூங்கிலை வளைத்துத் தார்ப்பாய் போட்டிருந்தார். முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற கார், பின்னால் பார்த்தால் மாட்டுவண்டி. அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் ஊரில் கிடையாது. அதில்தான் நிலக்கோட்டை மல்லிகையை ஏற்றிக்கொண்டுபோய் கொடைரோடு ஸ்டேஷனில் இறக்கி வந்தோம்.

பின்பாதியை அறுத்தபோது அங்கிருந்த பெட்ரோல் டாங்க்குக்கும் இடம் போய்விட்டது. மச்சான் அதைத் தூக்கி முன்சீட்டுக்குப் பின்னால், பலகைப் பெட்டிக்கு உள்ளேயே பொருத்தினார். பூவும் பெட்ரோலும் ஒரே பெட்டியிலா என்று நான் கேட்டேன். "பூ என்ன பெட்ரோலக் குடிச்சிரவா போகுது மாப்ளே" என்றார். குடிக்கவில்லைதான், வாடையைப் பிடித்துக்கொண்டது. வியாபாரிகள் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்கள். டாங்க்கின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு ஒருவழியாகச் சமாளித்தோம். மச்சானிடம் தர்க்கம் பண்ணி நான் ஜெயித்ததே இல்லை. அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு.

அக்காவுக்கு நெஞ்சு நோய். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஐப்பசியில் அவளுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனி இங்க வச்சுக்கிட்டு இருக்க வேணாம். இப்பவே மதுரைக்குக் கொண்டு போங்க" என்றார். ரயில் போய்விட்டிருந்தது. பஸ் கூட்டத்தில் அவளை ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. எங்களிடம் இருந்தது அந்த அரைக் கார்தான்.

ஆனால் அக்காவுக்குப் பெட்ரோல் வாடை ஆகவே ஆகாது. குமட்டும், குமட்டினால் மூச்சு திணறிப்போகும். முன்சீட்டில் அவளால் கால் நீட்ட முடியாது. காலை நீட்டிச் சாய்ந்து உட்கார, பெட்டிக்குள் டாங்க்கை ஒட்டிய மூலைதான் உண்டு. மச்சான் வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சலவைச் சோப்புக் கட்டியை எடுத்துவந்தார். நனைத்துப் பிசைந்து டாங்க் மூடியைச் சுற்றிலும் அப்பினார். மூடியின் நடுவே ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. துருப்பிடித்து விழுந்த ஓட்டை என்று நினைத்தாரோ என்னவோ, அதையும் அடைத்தார். முகர்ந்து பார்த்தார், என்னையும் முகரச் சொன்னார். வாடையே இல்லை. அன்று காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அம்பாத்துரை பக்கம் போகும்போது இஞ்சின் இருமியது, திணறியது, நின்றுவிட்டது. மச்சான் பானட்டைத் தூக்கினார். ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி இஞ்சினுக்கு அருகே பிடித்துக்கொண்டு என்னை முன்னால் ஹாண்டில் போட்டு இஞ்சினைச் சுற்றச் சொன்னார். நீலமாகப் பொறி பறந்தது.

"கரண்டு நல்லாத்தான் வருது. பெட்ரோல்தான் வரல" என்றேன்.

"ஒனக்கு என்ன தெரியும்? கரண்டு குடுக்குற காயில் சூடாகி மக்கர் பண்ணுது. ஆறுனா ஓடும்" என்றார்.

அவர் காயிலைச் சுற்றி ஈரத்துணி கட்டினார். நான் டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. மூடினேன். மச்சான் வந்து கலைந்த சோப்பை மறுபடி ஒழுங்காக அப்பினார். ஹாண்டில் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. "பாத்தியா?" என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கொடைரோடு தாண்டியதும் மறுபடி நின்றது. இந்தத் தடவை நான் விடவில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன், கார்புரேட்டரைத் திறந்து பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டைத் துடைத்தேன். தூசி தும்பு எதுவும் இல்லை. அவர் பாட்டுக்குத் துணியை நனைத்தார். நான் மறுபடி மூடியைத் திறந்து பார்த்தேன், அவர் மறுபடி சோப்பு வைத்தார். வண்டி ஓடியது. எதனால் ஓடியது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஈரத்துணிதான் காரணம் என்று அவர் நம்பினார்.

வாடிப்பட்டிக்கு முன்னால், இரண்டு பக்கமும் வயல் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், மூன்றாவது தடவை நின்றது. அக்காவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. துணியை நனைக்கத் தண்ணீர் இல்லை. அவள் குடிக்க வைத்திருந்த கூஜாவை மச்சான் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிக்குள் ஏறி, பார்த்த டாங்க்கையே மறுபடி பார்க்கலாம் என்று மூடியைத் திருகினேன்.

"தம்பி" என்றாள் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்றுதான் பேசினாள். "நீ அதத் தொறக்குறப்பல்லாம் உள்ளுக்குள்ள புஸ்ஸுன்னு காத்து இழுக்குது. மூணு தடவயும் கேட்டுட்டேன். அதுக்கும் என்னயப் போல மூச்சு அடைக்குது போலருக்கு. அந்தச் சோப்ப எடுத்துருங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் துளை. காற்று போகாததால் டாங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓட வைத்தது ஈரத்துணி இல்லை, நான் மூடியைத் திறந்ததுதான்.

மச்சான் கையில் சோப்போடு நின்றார். "வாடை அடிக்குமே புள்ள" என்றார். அவர் அப்படிக் கெஞ்சுகிற குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"அடிச்சா அடிச்சிட்டுப் போகுது. நீங்க வண்டிய எடுங்க."

தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். அதை வைத்துத்தான் துளையைக் குத்தித் திறந்தேன். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் முன்சீட்டு உறையில் குத்தி வைத்தேன். அதன்பின் வண்டி எங்கும் நிற்கவில்லை. அக்கா முந்தானையைச் சுருட்டி மூக்கில் அழுத்திக்கொண்டாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. உயிரோடு மதுரை போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்தாள். வீக்கம் வடிந்தது. கஞ்சி குடித்தாள். வீட்டில் கோழிக்கு யார் தீனி போடுகிறார்கள் என்று கேட்டாள். மச்சான் அவள் பக்கத்திலேயே இருந்தார். அவள் சேலைகளை அவரே குழாயடியில் துவைத்துக் காயப்போட்டார். பிழைத்துவிடுவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு விடியற்காலை, மச்சான் காபி வாங்கப் போயிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

அதே வண்டியில்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம். பெட்டிக்குள் பாய் விரித்துக் கிடத்தினோம். இப்போது படுக்கலாம், மூச்சு முட்டாது. அவள் தலை டாங்க் பக்கம் இருந்தது. நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மச்சானைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். துணி மூட்டையை அவிழ்த்து, அவள் சேலை துவைத்து மிஞ்சிய சோப்புத் துண்டை எடுத்து, அவர் மூடியின் துளையை அடைத்துக்கொண்டிருந்தார். கட்டை விரலால் அழுத்தி, குனிந்து ஒருமுறை முகர்ந்தும் பார்த்தார்.

வண்டி நின்றுவிடும் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

வாடிப்பட்டி தாண்டியதும் இஞ்சின் இருமி நின்றது. நான் இறங்கிப் போய் மூடியைத் திறந்தேன். உள்ளே காற்று இழுக்கும் சத்தம் கேட்டது. மூடினேன். மச்சான் வந்து சோப்பைச் சரிசெய்தார். கிளம்பினோம். கொடைரோட்டில் அப்படியே, அம்பாத்துரையில் அப்படியே. அக்காவின் ஊக்கு என் கைக்கெட்டும் தூரத்தில் சீட்டு உறையில் இருந்தது. திண்டுக்கல் வரும்வரை நான் அதைத் தொடவில்லை.