தாவளியும் தடிப்பும்

என் உடம்பைப் பார்க்க எனக்கே குமட்டிய ஒரு காலம் உண்டு. இரண்டாயிரமாவது ஆண்டு. ஜோகுபாளையத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் கணவரும் மாமியாரும் குடியிருந்தோம். நான் வங்கியில் சேமிப்புக் கணக்குக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன்.

தடிப்பு முதலில் இடுப்பில் வந்தது. புடவைக் கட்டு இறுக்குகிறது என்று நினைத்துத் தளர்த்திக் கட்டினேன். மறுநாள் தோளில் வந்தது, பிறகு முதுகில், தொடையில். கொசுக்கடி போலத் தொடங்கும். சொறியச் சொறிய ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, தண்ணீர் பட்ட அப்பளம் போலப் பரவும். சில மணி நேரத்தில் இருந்த சுவடு தெரியாமல் அமுங்கிவிடும். டாக்டரிடம் காட்டலாம் என்று போனால் காட்ட ஒன்றும் இருக்காது. திரும்பி பஸ்ஸில் உட்கார்ந்தால் உள்ளங்காலில் முளைக்கும். பழைய மெட்ராஸ் ரோடு முழுவதும் செருப்பைக் கழற்றிவிட்டு, பஸ்ஸின் இரும்புத் தரையில் காலைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். நானாக இருந்தாலும் எழுந்திருப்பேன்.

எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக்கொள்கிறவள் நான். சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவேன். படுக்கப் போவதற்கு முன் நாட்குறிப்பு எழுதாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவளின் நகக்கண்ணில் அவளுடைய தோலும் ரத்தமும் காய்ந்து கிடந்தன. ஒருநாள் ரூபாய்க் கட்டை எண்ணும்போது அதைப் பார்த்தேன். எதிரே நின்றவரும் பார்த்தார். பணத்தை என் கையிலிருந்து வாங்காமல், மேஜையில் வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

பக்கத்துக் கவுண்டர்க்காரர் எதையும் கேலி செய்யாமல் விடமாட்டார். "மேடம், உங்க கழுத்துல கர்நாடகா மேப்பே வந்திருக்கு. பீதர் மட்டும் காதுகிட்ட போயிடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் ரவிக்கையை இறக்கிவிட்டுச் சுவரில் முதுகைத் தேய்த்தேன். எத்தனையோ பேர் ஈரக் கை வைத்த சுவர் அது.

மாமியார் இதைப் பித்தம் என்றார். மாடி வீட்டுக் கன்னடக்கார அம்மாளும் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "இது பித்த கந்தே ரீ, பித்தத் தடிப்பு. எங்க ஊர்ல கம்பளி வச்சு நல்லா தேய்ப்பாங்க. ஒடனே அடங்கும், நோடி."

மாமியாருக்கு அது பிடித்துப் போயிற்று. பூஜை அறை மூலையில் இருந்த மடிப்பெட்டியைத் திறந்து ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்துக் கொடுத்தார். தேய்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. தோல் எரியும்வரை தேய்த்தால் அரிப்பு மறந்துபோகும். அடங்கியது என்று நினைத்து உட்காருவேன். கொஞ்ச நேரம் கழித்து முன்னைவிடப் பெரிதாக வரும். "உள்ளே இருக்கற பித்தமெல்லாம் வெளியில வரது. இன்னும் தேய்" என்பார்.

மடிப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்பைத் தொடுகிறவர் குளித்துவிட்டு, யார் கையும் படாமல் தோய்த்து உலர்த்திய துணியைத்தான் உடுத்த வேண்டும். அதுதான் மடி. அப்படிச் சமைத்ததைத்தான் மாமியார் சாப்பிடுவார். பெங்களூர்த் தூறலில் நூல் புடவை லேசில் காயாது. காயாத நாளில் பட்டுப் புடவையையோ தாவளியையோ உடுத்துவோம். தாவளி என்பது உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கம்பளித் துணி. உள்ளே வேறு துணி இருந்தால் மடி போய்விடும் என்பதால் வெறும் உடம்பில்தான் கட்ட வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டு ஒட்டாது, அதனால் கட்டி அவிழ்த்தபின் தோய்க்க வேண்டியதில்லை என்பது வழக்கம். எங்கள் தாவளி மாமனார் காசியிலிருந்து வாங்கி வந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது தண்ணீரைப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவே இல்லை. யோசித்ததெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். தின்பதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி, ஒவ்வொன்றாக விட்டேன். கத்தரிக்காய் போயிற்று. நிலக்கடலை, தக்காளி, தேங்காய், தயிர் எல்லாம் போயின. கடைசியில் ரசமும் சாதமும் சுட்ட அப்பளமும் மிஞ்சின. தடிப்பு மட்டும் குறையவில்லை. வயிற்றில் பூச்சி இருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னதால், மலத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்து, கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை. பூச்சி இல்லை என்று முடிவு வந்தது. செட்ரிசின் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் அரிப்பு சற்று அடங்கும், ஆனால் கவுண்டரிலேயே தலை தொங்கும். மாமியார் வெறும் வயிற்றில் கோமியம் குடிக்கச் சொன்னார். குடித்தேன். அந்த வாடை மதியம்வரை ஏப்பத்தில் வந்தது. தடிப்பும் தவறாமல் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் வங்கியில் விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். விரும்புகிறவர்கள் அந்த மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"எல்லாம் நீ முன்னே சாப்பிட்ட கேன்டீன் சாம்பார்டி" என்றார் மாமியார். "யார் கை பட்டதோ, எந்த எண்ணெயோ! ஊர்ல இருக்கறவா எச்சில் தொட்டு எண்ணின நோட்டையெல்லாம் தொட்டுட்டு வரே. உடம்பு பின்னே என்ன பண்ணும்? எழுதிக் குடுத்துட்டு ஆத்தோட இரு."

"அம்மா சொல்றதுல என்ன தப்பு?" என்றார் கணவர், செய்தித்தாளை மடிக்காமலே. "ஆத்துல இருந்தா உடம்பு தானா தேறும்."

"தேறலைன்னா?"

"தேறாம என்ன? நீ எல்லாத்துக்கும் ஒரு கேள்வி வச்சிருப்பே."

எனக்கு அந்த வேலை பிடிக்கும். சாயங்காலம் கணக்கு நேராகும்போது எனக்குக் கிடைத்த நிம்மதி வீட்டில் எந்த வேலையிலும் கிடைத்ததில்லை. "மேடம், இது சரியா பாருங்க" என்று என்னிடம் வந்து கேட்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிடுவதென்று பாதி முடிவு செய்திருந்தேன். அரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்கள் விரல் நுனியால் டோக்கனை வாங்கிக்கொண்டு, அந்த விரலைப் பேன்ட்டில் துடைப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குள் என்னைத் தாவணகெரே கிளைக்கு அனுப்பினார்கள். அங்கே கணக்குப் புத்தகங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சரிபார்க்க ஆள் வேண்டியிருந்தது, வேறு யாரும் போகத் தயாராக இல்லை. மாத்திரை, காலமைன் பாட்டில், மாற்று நூல் புடவைகளுடன் போனேன்.

தங்கிய லாட்ஜ் அசிங்கம் என்ற சொல்லுக்கு உரை எழுதியது போல இருந்தது. தலையணையில் யாருடைய எண்ணெய்க் கறையோ இருந்தது. வாளியின் உட்புறம் வழவழவென்று பாசி பிடித்திருந்தது. குளியலறைச் சோப்பில் சுருண்ட ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. ரசம் சாதம் கேட்டால் யாருக்கும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் வெண்ணெய் தோசை தின்றேன். தேங்காய்ச் சட்னி, மிளகாய் பஜ்ஜி, பொரி என்று விட்டவற்றையெல்லாம் தின்றேன். ஒவ்வொரு வேளையும் தின்றுவிட்டு, கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு புள்ளிகூட வரவில்லை. அங்கிருந்த நாட்கள் முழுவதும் மாத்திரை உறை பிரிக்கப்படாமலே இருந்தது. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த அன்று காலையிலும் பெங்களூரில் தூறல். கொடியில் புடவைகள் சொதசொதவென்று தொங்கின.

"தாவளியைக் கட்டிண்டு ரசத்தை வை. இத்தனை நாளா நானே அடுப்படியில நின்னு இடுப்பு ஒடிஞ்சுடுத்து" என்றார் மாமியார்.

குளித்துவிட்டுத் தாவளியைச் சுற்றிக்கொண்டேன். பருப்பு வேகவில்லை, அதற்குள் மார்புக்கு மேல், தாவளியின் விளிம்பு பட்ட இடத்தில், சுருக்கென்று குத்தியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு மாதிரி வரிவரியாகத் தடித்தது.

"பாத்தியா, பாத்தியா! ஓட்டல் சாப்பாடு. இப்போதான் வேலையைக் காட்றது" என்றார் மாமியார்.

"அங்கே ஒண்ணுமே வரலையே அம்மா."

"அங்கே உள்ளேயே ஒளிஞ்சிண்டிருந்தது. ஆத்தைப் பார்த்ததும் வெளியில வந்துடுத்து."

தாவணகெரேயில் என் மேல் கம்பளியே படவில்லை என்று சட்டென்று தோன்றியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே பூஜை அறைக்குப் போய் மடிப்பெட்டியைத் திறந்தேன். மடியில் இருந்ததால் தொடலாம். ஆனால் அந்தப் பெட்டியை யாரும் சுத்தம் செய்ததில்லை. சுத்தம் செய்தால் தூசி படும், அதனால் அதைக் குளிப்பதற்கு முன் செய்ய வேண்டும். குளிக்காமல் அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது. எனவே ஒரு காலத்திலும் அதைச் சுத்தம் செய்ய முடியாது. எங்கள் வீட்டின் இந்த ஏற்பாடு அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

கம்பளியை எடுத்துக்கொண்டு பின்கட்டு வெளிச்சத்துக்குப் போய் விரித்தேன். மடிப்பிலிருந்து உடைத்த மிளகுபோல ஏதோ கொட்டியது. குனிந்து பார்த்தேன். பாதி எச்சம், பாதி உரித்துப் போட்ட தோல். பழுப்பு வரி போட்ட, உள்ளே காற்று மட்டும் இருக்கிற தோல்கள். மடிப்பை இன்னும் பிரித்தேன். சீரகம் அளவில் ஒன்று நகர்ந்தது. உடம்பு முழுக்க முடி, பின்புறம் ஒரு குஞ்சம். அதற்குப் பின்னால் இன்னொன்று. ஓரத்துத் தையலுக்குள் வரிசையாக இருந்தன. இதைத்தான் என் முதுகிலும் தொடையிலும் எரியும்வரை தேய்த்திருந்தேன்.

அப்புறம்தான் உடம்பில் சுற்றியிருந்த தாவளி ஞாபகம் வந்தது. விளிம்பைத் திருப்பினேன். அதன் மடிப்பிலும் இருந்தன. குளியலறைக்கு ஓடி, அதை அவிழ்த்து எறிந்துவிட்டு வாந்தி எடுத்தேன். வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டும் அவை மேலே ஊர்வது போலவே இருந்தது.

சில தோல்களையும் ஒரு புழுவையும் காலி மாத்திரைப் பாட்டிலில் போட்டு, ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த தோல் டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கம்பளி, பட்டு இதையெல்லாம் தின்ற வண்டு ஒண்ணு இருக்கு. அதோட புழு இது. இந்த முடி தோல்ல பட்டா சில பேருக்கு இப்படித்தான் தடிக்கும்."

"என் மாமியாரும் இதையே கட்டிக்கறா டாக்டர். அவருக்கு ஒண்ணுமே வரலையே?"

"எல்லாருக்கும் வராது. சரி, துணியைக் கடைசியா எப்போ தோய்ச்சீங்க?"

"தோய்க்கறதில்லை."

"இந்த வருஷமா?"

"எப்பவுமே. அது மடி."

டாக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவின் பின்முனையால் பாட்டிலை என் பக்கம் தள்ளி, "அதை மூடிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, தாவளியையும் கம்பளியையும் கொதிக்கிற தண்ணீரில் போடப் போவதாகச் சொன்னேன்.

"தாவளியைத் தோய்க்கறதாவது! அதுக்குத் தோஷமே கிடையாது" என்றார் மாமியார்.

"புழு நெளியறதே அம்மா."

"பட்டே புழுவோட எச்சில்தான்டி. கட்டிக்காம இருக்கோமா?"

கணவரைக் கூப்பிட்டு, டார்ச் அடித்துப் பெட்டியின் அடியைக் காட்டினேன். பலகை இடுக்கில் இருந்தவை வெளிச்சம் பட்டதும் சுருண்டன. அவர் வேட்டித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதைக் கட்டிண்டா நமக்கு சமைக்கறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசலுக்குப் போய்விட்டார்.

இரண்டையும் நானே தோய்த்தேன். முதல் தண்ணீர் பழைய காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இறங்கியது. ஈர நாய் வாடை வீட்டை நிறைத்தது. தோல்கள் மேலே மிதந்தன, கையில் ஒட்டிக்கொண்டன. மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போச்சு. இனிமே அது வெறும் துணி" என்றார். அதற்குப் பிறகு அவர் தாவளியைத் தொடவில்லை. நான் மடியில்லாத நூல் புடவையில் சமைத்தால் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தாமே சமைக்கத் தொடங்கினார். அதே பெட்டியில் இருந்த பட்டுப் புடவை ஒன்றை என் கையில் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார், அதைக் கட்டிக்கொண்டு.

என் தடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு வரவே இல்லை. ஆனால் அவர் கையால் வைத்த ரசத்தை என்னால் விழுங்க முடியவில்லை. தாளித்த கடுகு எல்லாம் நகர்வது போல இருக்கும்.

விருப்ப ஓய்வுக்குக் கடைசி நாளன்று காலை, கணவர் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் குனிந்து சாதம் போட்டு ரசத்தை ஊற்றினார். பட்டுப் புடவையின் தலைப்பு தட்டின் விளிம்பில் புரண்டது. கணவர் கையை வைக்காமல் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள். நான் கையெழுத்துப் போடலை" என்றேன்.

மாமியார் கணவரைப் பார்த்தார். அவர் தட்டைச் சற்று முன்னால் நகர்த்திவிட்டு எழுந்தார்.

"நாழியாறது, கிளம்பு" என்றார் என்னிடம். "சித்த இரு. நானும் வரேன், வெளியில ஏதாவது சாப்பிட்டுக்கறேன்."